கலியாணத்துக்கு முந்திய காகிதங்கள்: நிராகரிக்கப்பட்ட ஒரு ஸ்பொன்சர் கோப்பின் ஆய்வு

ஸ்காபரோவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பும் கோப்புத் தயாரிப்பும் என் வேலை. கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ கனடாவுக்கு அழைக்கும் விண்ணப்பங்கள்தான் எங்களிடம் அதிகம் வருபவை. அவற்றில் 2023இல் கைக்கு வந்த ஒரு கோப்பைப் பற்றி இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்களிடம் வந்தபோது அது ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட கோப்பு. வேறோர் இடத்தில் நிரப்பிக் கொடுத்தது. ஆதாரம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. முந்நூறுக்கு மேல் படங்கள், அறுநூறு பக்கம் வட்ஸ்அப் உரையாடல், நண்பர்களும் உறவினரும் எழுதிய பதினான்கு கடிதங்கள். கலியாணமும் உண்மையான கலியாணம்தான். இத்தனை இருந்தும் அதிகாரி நம்பவில்லை. அந்தக் கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நடந்தது என்ன

கணவர் 2011இல் கனடாவுக்கு வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ரொறன்ரோவிலேயே ஒரு கலியாணம் நடந்து, அது சரிவராமல் 2017இல் பிரிந்து, 2019இல் விவாகரத்து ஆனது. 2020இல் குடியுரிமை கிடைத்தது. அதுவரை அவர் இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2012 டிசம்பர் 15இலிருந்து, அகதி நிலையால் நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவர் தானாக விரும்பி மீண்டும் சொந்த நாட்டின் பாதுகாப்பை நாடினார் என்று முடிவானால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போய்விடும். ஊருக்குப் போய்வந்ததை அதற்குச் சான்றாக எடுப்பார்கள். குடியுரிமை எடுத்தவருக்கு அந்தப் பயம் இல்லை.

2021 தொடக்கத்தில் கணவரின் பெரியம்மா சாவகச்சேரியில் ஒரு சம்பந்தம் பார்த்தார். பெண் முன்பள்ளி ஆசிரியை, 33 வயது, முதல் கலியாணம். சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம் என்பதால் பெண்ணின் தகப்பன் கொஞ்சம் இழுத்தார், பிறகு இறங்கிவந்தார். கொவிட் காலம், இருவரும் போனில்தான் பேசினார்கள். நவம்பர் கடைசியில் மாப்பிள்ளை போய் இறங்கினார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எழுத்தும் (கலியாணப் பதிவு) தாலிகட்டும் ஒரே நாளில். வந்தவர்கள் முப்பத்தைந்து பேருக்குள். ஜனவரி தொடக்கத்தில் அவர் திரும்பிவிட்டார். மனைவி கிளிநொச்சியில் மாமியார் வீட்டுக்குக் குடிபோனார். 2022 ஏப்ரலில் விண்ணப்பம் போனது. அந்த செப்டம்பரில் கணவர் இன்னொரு தடவை போய்வந்தார். 2023 பெப்ரவரியில் மனைவிக்கு நேர்முகம், அடுத்த மாதம் நிராகரிப்புக் கடிதம்.

சட்டம் கேட்கிற இரண்டு கேள்விகள்

கனடியக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் 4(1) என்ற பிரிவு இருக்கிறது. நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது அதுதான். குடிவரவு நன்மை பெறுவதையே முதன்மை நோக்கமாக வைத்துச் செய்த கலியாணம் என்றாலோ, அல்லது கலியாணம் உண்மையானதல்ல என்றாலோ, அந்த உறவைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2010 செப்டம்பர் 30க்கு முன்னர் இந்த இரண்டு குறையும் சேர்ந்து இருந்தால்தான் நிராகரிக்கலாம் என்று இருந்தது. அன்றிலிருந்து ஒன்று இருந்தாலே போதும்.

இந்த மாற்றத்தின் கனம் பலருக்குத் தெரிவதில்லை. முதல் கேள்வி கலியாணம் நடந்த அன்றைய மனநிலையைப் பற்றியது. இரண்டாவது, இன்றைக்கு இந்த உறவு எப்படி இருக்கிறது என்பது. கட்டிய பிறகு நீங்கள் எவ்வளவு அந்நியோன்யமாக இருந்தாலும் அது இரண்டாவது கேள்விக்குத்தான் நேரடிப் பதில். முதல் கேள்விக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

கோப்பை அந்த இரண்டு கேள்வியின்படி மேசையில் பிரித்து அடுக்கினோம். 2021 டிசம்பருக்குப் பிந்தியவை ஒரு பக்கம், முந்தியவை மறுபக்கம். பிந்திய பக்கம் மலைபோல் எழுந்தது. முந்திய பக்கத்தில் விமானச் சீட்டு ஒன்று, கணவரின் விவாகரத்துச் சான்றிதழ், அழைப்பிதழ். வேறு எதுவும் இல்லை. பதினொரு மாதம் இரண்டு குடும்பங்கள் பேசி முடித்த ஒரு சம்பந்தத்தின் சுவடே அங்கே கிடையாது.

காரணத்தைப் படிவத்திலேயே கண்டோம். ஐஎம்எம் 5532 என்ற உறவு விவரப் படிவம், எப்படி அறிமுகமானீர்கள், யார் அறிமுகப்படுத்தினார், உறவு எப்படி வளர்ந்தது என்று கேட்கும். அங்கே இரண்டே வரியில், 'உறவினர் மூலம் அறிமுகமாகி ஒருவரையொருவர் விரும்பினோம்' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பேச்சுக்கால் கலியாணம் என்றால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது, காதல் மாதிரிக் காட்டினால்தான் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்களிடம் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இது தேவையில்லாத பயம். தெற்காசியக் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரிக்குப் பெரியோர் பேசிச் செய்த கலியாணம் புதிதல்ல. அப்படியான கலியாணத்தை அந்தச் சமூகத்தின் வழக்கத்தை வைத்தே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அதில் ஒரு மறுபக்கமும் உண்டு. வழக்கத்தை வைத்துப் பார்க்கும்போது, வழக்கத்திலிருந்து விலகிய இடங்களும் பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு நாம்தான் விளக்கம் வைக்க வேண்டும்.

அதிகாரி தடுக்கி விழுந்த இடங்கள்

மேன்முறையீடு போட்டால் அதிகாரியின் குறிப்புகளும் சேர்ந்த பதிவுக்கோப்பு கைக்கு வரும். இங்கே அந்தக் குறிப்புகள் நீளமில்லை, தெளிவாக இருந்தன. அவர் சந்தேகப்பட்டவை இவை: அவசரக் கலியாணம். முதல் கலியாணம் செய்யும் பெண்ணுக்கு இவ்வளவு சின்னச் சடங்கு. கலியாணம் முற்றாகியது எப்போது என்பதில் முரண், கணவர் ஒக்டோபர் என்று எழுதியிருக்க மனைவி பெப்ரவரி என்கிறார். கணவருக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு 'ஃபாக்டரி' என்பதற்கு மேல் பதில் இல்லை. இரண்டாவது பயணம் பற்றி வாயால் சொன்னார், கோப்பில் சான்று இல்லை. கடைசியாக ஒன்று: 2021ஆம் ஆண்டு வரிக் கணக்கில் கணவரின் நிலை 'விவாகரத்தானவர்'.

கடைசியதைப் பார்த்ததும் சட்டத்தரணி தலையில் கைவைத்துவிட்டார். ஸ்பொன்சர் செய்பவர் தன் வருமானத்தைக் காட்ட வரித் திணைக்களத்தின் ஒப்ஷன் சி அச்சுப்பிரதியை வைக்க வேண்டும். அதில் கலியாண நிலையும் அச்சாகி வரும். வரி நிரப்பிய கடையில் போன வருட விவரத்தை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டார்கள். டிசம்பர் 31 அன்று அவர் கலியாணமானவர். நிலை மாறினால் அடுத்த மாத முடிவுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆக, தனக்கு மனைவி இருக்கிறார் என்று குடிவரவுத் திணைக்களத்துக்குச் சொல்லும் அதே கோப்பில், இல்லை என்று சொல்லும் அரச காகிதம் ஒன்றையும் அவர் தன் கையாலேயே வைத்திருக்கிறார். வரிக் கணக்கைத் திருத்தச் சொன்னோம். திருத்தியபின் வந்த புதிய மதிப்பீட்டையும் பழையதையும் சேர்த்தே கொடுத்தோம். பழையதை மறைத்தால் வேலையில்லை, அது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

புதிதாக விண்ணப்பிப்பதா, மேன்முறையீடா என்ற பேச்சு வந்தது. மேன்முறையீட்டுக்கு நிராகரிப்புக் கடிதம் கிடைத்து முப்பது நாள்தான் அவகாசம். அங்கே பழைய முடிவை மட்டும் அலசமாட்டார்கள், புதிய சான்றுகளையும் ஏற்பார்கள், சாட்சியும் கேட்பார்கள். தோற்றால், அதே கலியாணத்தை வைத்து மறுபடி விண்ணப்பிப்பது கடினம். புது விண்ணப்பம் போட்டாலோ பழைய குறிப்புகள் பின்னாலேயே வரும். இந்தக் கோப்பில் எழுதியவற்றைவிட எழுதாமல் விட்டவைதான் குறை. சொல்ல வேண்டிய கதையை ஒருவர் முன் உட்கார்ந்து முழுதாகச் சொல்வதே நல்லது என்று மேன்முறையீட்டுக்குப் போனோம். படிவத்தில் இருந்த அந்த இரண்டு வரியையும் முதல் வாக்குமூலத்திலேயே திருத்திச் சொன்னோம். அது முக்கியம். தவறான தகவல் கொடுத்தார் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை வரலாம்.

முந்திய பக்கத்தை நிரப்பியவை

முதலில் பெரியம்மாவைப் பிடித்தோம். எழுபதைத் தாண்டியவர், ஆனால் போனில் எதையும் அழிக்காதவர். சாதகக் குறிப்பின் படம் 2021 பெப்ரவரியில் அவருக்கு வந்திருக்கிறது. பொருத்தம் பார்த்த ஐயர் எழுதிக் கொடுத்த துண்டும் இருந்தது. இவற்றையெல்லாம் ஆதாரம் என்று யாரும் நினைக்கவில்லை. 'சாதகத்தைக் கனடாக்காரனுக்குக் காட்டி என்ன செய்யிறது?' என்று கேட்டார் கணவர். பொருத்தம் சரியோ பிழையோ, அதைப் பற்றி நமக்கு வாதம் இல்லை. கலியாணத்துக்குப் பத்து மாதம் முன்னர் இரண்டு வீடும் பொருத்தம் பார்த்தன என்பதற்குத் தேதியோடு ஒரு சான்று, அவ்வளவுதான்.

பெப்ரவரியா ஒக்டோபரா என்ற முரணும் இங்கேயே அவிழ்ந்தது. பொருத்தம் சரியென்றதும் பெண் வீட்டார் சம்மதம் சொன்னது பெப்ரவரியில். பெண் அதைத்தான் சொன்னார். நாள் குறித்து முற்றாக்கியது ஒக்டோபரில். மாப்பிள்ளை அதை எழுதினார். இரண்டுக்கும் இடையில் தகப்பன் இழுத்த இழுவை, அதற்குப் பெரியம்மா சொன்ன சமாதானம் எல்லாம் குரல் பதிவுகளாகவே இருந்தன. அவற்றில் ஒன்று ஒக்டோபர் கடைசியில் வந்தது. எழுத்துக்கு எழுத்து இப்படி:

'தம்பி, தை வரைக்கும் இழுக்க வேண்டாம். தை பிறந்தா வெளிநாட்டுக்காரருக்கு டிபென்சில கடிதம் எடுத்தாத்தான் எழுத்தாம். மார்கழிக்குள்ள தாலி கட்டேலாது. கார்த்திகையில ஒரு நாள் பாக்கச் சொல்லியிருக்கிறன். நீ ரிக்கற்றைப் போடு.'

அவசரக் கலியாணம் என்ற சந்தேகத்துக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? 2021 ஒக்டோபரில் இலங்கைப் பதிவாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டார். 2022 ஜனவரி 1 முதல் இலங்கையரை மணக்கும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை பெற வேண்டும் என்றது அது. கனடியக் கடவுச்சீட்டோடு போகும் இவரும் வெளிநாட்டவர்தான். தமிழ் மார்கழி டிசம்பர் நடுப்பகுதியில் பிறந்துவிடும், அந்த மாதத்தில் நம்மவர் கலியாணம் வைப்பதில்லை. தை மாதமோ ஜனவரி நடுவில்தான் வரும், அதற்குள் புது விதி நடைமுறைக்கு வந்துவிடும். மிஞ்சியது கார்த்திகைக் கடைசிதான். குரல் பதிவு, அதன் எழுத்துப் பிரதி, மொழிபெயர்ப்பு, சுற்றறிக்கை பற்றி அன்று வந்த செய்தி ஆகிய நான்கையும் ஒன்றின்பின் ஒன்றாக வைத்தோம். விளக்கக் கடிதத்தில் ஒரு பந்திக்கு மேல் தேவைப்படவில்லை.

சீதன உறுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணின் தகப்பன் கலியாணத்துக்கு மூன்று வாரம் முன்னர் நாலு பரப்புக் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதியிருந்தார். நொத்தாரிசு முன் கையெழுத்தாகி, காணிப் பதிவகத்தில் பதிவும் ஆன உறுதி. யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில் சீதனம் என்பது பெண்ணின் சொத்து, சட்டம் ஏற்ற ஒன்று. ஆனால் இரண்டு வீட்டாரும் அதை வெளியே எடுக்கக் கூசினார்கள். கனடாவில் பிள்ளையை விற்று வாங்கியது மாதிரி நினைப்பார்கள் என்று மாப்பிள்ளைக்குப் பயம்.

எங்களுக்குள்ளும் இதில் ஒரே கருத்து இருக்கவில்லை. கனடாவுக்கு அனுப்பக் கொடுத்த விலை என்று, மேன்முறையீட்டில் குடிவரவு அமைச்சருக்காக எதிர்த்து வாதிடும் அமைச்சர் தரப்பு திருப்பிவிடலாம் என்று சட்டத்தரணி யோசித்தார். என் கட்சி வேறு. காணி மாப்பிள்ளை பேருக்குப் போகவில்லை, இன்றுவரை பெண்ணின் பேரில்தான் இருக்கிறது. காசாக மாறவும் இல்லை. விசாவுக்காக மட்டும் நடந்த கலியாணத்துக்குத் தகப்பன் பரம்பரைக் காணியை நொத்தாரிசு முன் எழுதிக் கொடுக்க மாட்டார். கடைசியில் வைத்தோம். தேசவழமையில் சீதனம் என்ன என்று அரைப் பக்க விளக்கத்தோடு, காணிப் பதிவகத்தின் அண்மைய பிரதியையும் சேர்த்து வைத்தோம். அந்தப் பிரதி இல்லாமல் உறுதியை மட்டும் வைத்திருந்தால் சட்டத்தரணி பயந்தது நடந்திருக்கலாம்.

சடங்கு ஏன் சிறிது என்பதற்குத் தனியாக அலையவில்லை. கொவிட் கட்டுப்பாடு, மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம், அந்த ஆண்டு பெண்ணின் சித்தப்பா காலமானது. மரணச் சான்றிதழ் ஒன்று போதுமாக இருந்தது.

படம், பேச்சு, காசு

திணைக்களத்தின் பட்டியலே கலியாணப் படங்கள் இருபதுக்கு மேல் வேண்டாம் என்கிறது. உரையாடலுக்குப் பத்துப் பக்கம். முந்நூறு படம் வைப்பவர் தெரிவு செய்யும் வேலையை அதிகாரியின் தலையில் கட்டுகிறார். அவர் எதைத் தெரிவார் என்பது நம் கையில் இல்லை. இங்கே பெரும்பாலானவை கலியாணத்துக்கு மறுநாள் கடற்கரையில் படப்பிடிப்புக்காரர் எடுத்தவை. இருவர் மட்டும், மேக்கப்போடு, சூரியன் மறையும் நேரம். அதிகாரியின் குறிப்பில் 'பாவனைப் படங்கள்' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. கோபப்பட முடியவில்லை.

அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்த அண்ணன் தாலிகட்டில் நிற்கும் படத்தை எடுத்தோம், அவருடைய விமான ஏறும் அட்டையோடு. மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருக்க, கூறைச் சேலையோடு மருமகள் குனிந்து அவருக்குப் பால் பருக்கும் படம் ஒன்று இருந்தது. கை நடுங்கி எடுத்தது, பாதி முகம் கலங்கியிருந்தது. அதை முதலில் வைத்தோம். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், நிற்பவர் யார், என்ன உறவு என்று எழுதினோம். 2022 செப்டம்பரில் கணவர் கிளிநொச்சி வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றும் படமும், அந்தப் பயணத்தின் கடவுச்சீட்டு முத்திரையும், ஓடு வாங்கிய பற்றுச்சீட்டும் ஒரு தொகுதி. இரண்டாவது பயணத்துக்குச் சான்றில்லை என்ற குறை அதோடு முடிந்தது. விண்ணப்பம் போட்ட பிறகு நடந்த பயணத்தைத் திணைக்களத்துக்கு அப்போதே அறிவித்திருக்கலாம். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

உரையாடலைத் தெரிவது கடினமான வேலை. அறுநூறு பக்கத்தில் அரைவாசி 'சாப்பிட்டீங்களா', 'குட்நைட்', இதயக் குறிகள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் என்பதால் அவ்வளவையும் மொழிபெயர்க்க வேண்டும், ஆனால் முதல் விண்ணப்பத்தில் ஒரு பக்கம்கூட மொழிபெயர்ப்பு இல்லை. அதிகாரியின் முன் அறுநூறு பக்கம் வெறும் எழுத்து. மொழிபெயர்ப்பை வீட்டார் செய்தால் ஏற்கமாட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மச்சான் நல்ல ஆங்கிலம் எழுதுவார் என்பது உதவாது.

தெரிவுக்கு ஓர் அளவுகோல் வைத்தோம். வெளியுலகில் நடந்த ஒன்றோடு கட்டுண்ட பேச்சு, மற்றவர் வாழ்க்கையில் நடப்பது தெரிந்தவர் மட்டுமே பேசக்கூடிய பேச்சு, இந்த இரண்டும் வேண்டும். அப்படிக் கிடைத்ததில் ஒன்று 2022 மே மாதத்தது. இலங்கையில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மருந்துக்கும் வரிசை நின்ற காலம்.

மனைவி: 'காஸ் வரேல்ல. மாமிக்கு விறகில கஞ்சி வச்சுக் குடுத்தனான்.'
கணவர்: 'அம்மாக்கு மெற்போமின் இருக்கோ?'
மனைவி: 'நாலு நாளைக்கு இருக்கு. இஞ்ச பார்மசியில இல்லையாம். கிளினிக் கொப்பியோட யாழ்ப்பாணம் போய்ப் பாக்கிறன், பஸ் ஓடினா.'
கணவர்: 'லைனில நிக்காதேங்கோ வெயிலுக்க. நான் பிறேக்கில எடுக்கிறன்.'

இந்த நான்கு வரியில் காதல் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் மாமியாரின் சலரோகம், மருந்தின் பெயர், கணவரின் இரவு வேலை, நாட்டின் நிலை எல்லாம் இருக்கின்றன. கூடவே கிளினிக் கொப்பியின் ஒரு பக்கம், அழைத்து வந்தவர் என்ற இடத்தில் மருமகளின் பெயரோடு. அவர் மாமியார் வீட்டில்தான் வசிக்கிறார் என்று கிராம அலுவலர் கொடுத்த வதிவிடச் சான்றும் அதே தொகுதியில். நெருக்கமான பேச்சுகளை எதிலும் சேர்க்கவில்லை. அதைக் காட்டித்தான் நம்பவைக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது உங்களுக்கும் சங்கடம், படிப்பவருக்கும் சங்கடம்.

காசு விஷயத்தில் ஒரு சிக்கல். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை மிதக்கவிடும்வரை வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. நம்மவர் பலரைப்போல் இவரும் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் கைமாற்றிக் கொடுக்கும் வழியில், அனுப்பியிருக்கிறார். அதற்குப் பற்றுச்சீட்டு ஏது? துண்டில் எழுதிய கணக்கைக் கொண்டுவந்து காட்டினார், வேண்டாம் என்றுவிட்டோம். சட்டபூர்வமான வழியல்ல என்பது ஒன்று, எவரும் எழுதிவிடக்கூடிய துண்டு என்பது இன்னொன்று. பிந்திய மாதங்களில் வங்கி வழியாக அனுப்பியவற்றின் பதிவும் மனைவியின் வங்கிக் கூற்றும் மட்டும் போயின. அதைவிட எனக்குப் பிடித்த காகிதம், கணவரின் வேலையிட ஆயுள் காப்புறுதியில் பயனாளி என்று மனைவியின் பெயரை மாற்றிய படிவம். 2022 பெப்ரவரித் தேதி, விண்ணப்பத்துக்கே முந்தியது. அவர் அதை மறந்தே போயிருந்தார். சம்பளத் துண்டுகளைத் தேடும்போது கோப்புறைக்குள் கிடந்தது.

பதினான்கு கடிதங்களில் பதின்மூன்றை எடுத்துவிட்டோம். எல்லாம் ஒரே நடை, ஒரே மூன்று பந்தி. இருவரையும் நன்கு அறிவேன், மிகப் பொருத்தமான தம்பதி, தயவுசெய்து விசா கொடுங்கள். எழுதியவர்களில் பலர் மனைவியை நேரில் கண்டதே இல்லை. மிஞ்சிய ஒன்று அண்ணன் எழுதியது. அதோடு பெரியம்மாவின் சத்தியக் கடதாசியும், பெண்ணின் தகப்பன் தந்ததும் சேர்ந்தன. தகப்பன் ஏன் முதலில் சம்மதிக்கவில்லை என்பதைத் தகப்பனே எழுதினார். மாப்பிள்ளையின் முதல் கலியாணம் பற்றி ரொறன்ரோவில் இருக்கும் தன் உறவினரிடம் விசாரித்தது உட்பட. மருமகனைப் புகழ்ந்து ஒரு வரியும் இல்லாத வாக்குமூலம் அது.

விசாரணை

2024 நடுப்பகுதியில் காணொளி வழியாக விசாரணை நடந்தது. கணவர் ரொறன்ரோவில், மனைவி கிளிநொச்சியில், உரைபெயர்ப்பாளர் ஒருவர். இத்தகைய மேன்முறையீடுகளை விசாரிக்கும் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவு 2005இல் ஒரு தீர்ப்பில், உறவின் உண்மையை எடைபோட எவற்றைப் பார்ப்பது என்று வரிசைப்படுத்தியது. இருவரின் நோக்கம், சேர்ந்து இருந்த காலம், பெண் பார்த்ததும் நிச்சயமும் கலியாணமும் நடந்த விதம், முந்திய உறவுகள் பற்றித் தெரிவது, தொடர்பு, பண உதவி, மற்றவரின் குடும்பத்தைப் பற்றி அறிந்திருப்பது என்று போகும். எங்கள் ஆவணப் பொதியும் கிட்டத்தட்ட அதே ஒழுங்கில்தான் இருந்தது.

அமைச்சர் தரப்பில் வந்தவர் வேலையைப் பற்றி மறுபடி கேட்டார். இந்தத் தடவை மனைவி நிதானமாகச் சொன்னார்: பிளாஸ்டிக் மூடி வார்க்கும் இடம், மெஷினில் நிற்கிறார், வேலை இரவு பதினொன்றுக்கு முடியும், எங்களுக்கு அப்போது காலை எட்டரை, அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது எடுப்பார், நான் முன்பள்ளியில் பிள்ளைகளை இருத்திவிட்டு இரண்டு நிமிடம் பேசுவேன். ஒரு மாதத்து அழைப்புப் பதிவை ஏற்கெனவே கொடுத்திருந்தோம். வேலைநாளெல்லாம் எட்டரையை ஒட்டி இரண்டு மூன்று நிமிட அழைப்பு. நேர்முகத்தில் ஏன் 'ஃபாக்டரி' என்று மட்டும் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, 'அவ்வளவும் கேட்டவையெண்டு விளங்கேல்ல' என்றார். சாட்சிக்கு ஆயத்தம் செய்யும்போது ஒரு பதிலையும் நாங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டதற்குச் சுருக்கிச் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொன்னோம்.

சீதன உறுதியைப் பற்றி அமைச்சர் தரப்பு கேட்கத்தான் செய்தது. காணி இப்போது யார் பேரில், வருமானம் யாருக்கு என்று. என் பேரில், தென்னை பத்து நிற்கிறது, அப்பா பார்க்கிறார் என்றார் மனைவி. அதற்குமேல் அவர் போகவில்லை.

மேன்முறையீடு ஏற்கப்பட்டது. எழுத்தில் வந்த தீர்ப்பில் பெரியம்மாவின் குரல் பதிவுக்கும் தகப்பனின் வாக்குமூலத்துக்கும் அழைப்பு நேரங்களுக்கும் கனம் கொடுத்திருந்தார்கள். கலியாண நாள் ஏன் அப்படி வந்தது என்ற விளக்கத்தை முழுதாக ஏற்றிருந்தார்கள். உறுதியை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தார்கள், சாதகமாகத்தான். படங்களைப் பற்றி ஏறக்குறைய எதுவும் இல்லை. வங்கிப் பதிவுகளைப் பற்றி, தொகை சிறியது, தொடர்ச்சி போதாது என்று எழுதியிருந்தார்கள். உண்டியல் பழக்கத்துக்குக் கொடுத்த விலை அது.

அத்தோடு விசா வந்துவிடாது. கோப்பு திரும்பவும் விசா அலுவலகத்துக்குப் போனது. மருத்துவப் பரிசோதனை பன்னிரண்டு மாதம்தான் செல்லும், பழையது எப்போதோ காலாவதி. அதையும் பொலிஸ் சான்றிதழையும் புதிதாக எடுத்தார்கள். கணவரிடம் அந்த ஆண்டின் ஒப்ஷன் சி அச்சுப்பிரதியும் கேட்டார்கள். இம்முறை 'கலியாணமானவர்' என்றிருந்தது.